கொம்பில்லாத யாளிகளுக்குக் கொம்புள்ள குட்டி: சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பில் ஒரு மரபியல் பாடம்

டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கிறது. வருகிறவர்கள் ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஆயா, தாத்தா, பெரியம்மா, மாமா என்ற உறவுப் பெயர்கள், சமையற்கட்டுச் சொற்கள், ஐஸ்டெட்ஃபோட் என்ற கலைப் போட்டிக்காக மனப்பாடம் செய்த குறள்கள், தேவாரம் இவைதான் கைவசம் இருக்கும் தமிழ். வார நாட்களில் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் நான். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுக்க மரபியலைத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். பாடநூல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கற்பனை விலங்கும் அதன் குட்டிகளுமே பாடம். எது பலித்தது, எந்த இடத்தில் அந்த விலங்கு போதாமல் போனது என்பதை, இதே வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இந்த வயதில் ஏன்

தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில், பட்டாணிச் செடிகளை வைத்துப் பாரம்பரிய விதிகளைக் கண்ட மெண்டலும், பெற்றோரின் மரபணுக்கள் எப்படியெல்லாம் சேரும் என்று காட்டும் புன்னட் கட்டமும் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் வருகின்றன. எல்லோருக்கும் பொதுவான அறிவியல் ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் உயிரியலை எடுக்காத பிள்ளை, மரபணு என்ற சொல்லை வகுப்பறையில் சரியாகக் கேட்காமலேயே பன்னிரண்டாம் வகுப்பை (மெட்ரிக்) முடித்துவிடலாம்.

வீட்டிலோ அந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. ‘அப்படியே அப்பன் சாடை’, ‘அந்தக் குடும்பத்து ரத்தம் பேசுது’, ‘இவ யார் நிறம்?’ என்று பிறந்த வீட்டிலும் இறந்த வீட்டிலும் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பாரம்பரியம் பற்றிய உறுதியான கருத்துகளோடுதான் பிள்ளை வகுப்புக்கு வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை தவறு, சில புண்படுத்துகிறவை.

இதைக் கற்பிக்கப் பல பள்ளிகள் கையாளும் வழி, பிள்ளையையே ஆய்வுப்பொருள் ஆக்குவது. காதுமடல் ஒட்டியிருக்கிறதா, நாக்கைச் சுருட்ட வருகிறதா, அம்மாவுக்கு எப்படி, அப்பாவுக்கு எப்படி என்று ஒரு அட்டவணையைக் கொடுத்து வீட்டில் நிரப்பி வரச் சொல்வார்கள். இரண்டு காரணங்களுக்காக இதை நான் எதிர்க்கிறேன்.

முதலாவது, அறிவியலே பிழை. நாக்குச் சுருட்டுவது ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளித்தெரியும் பண்பு, என்று 1940இல் மரபியலாளர் ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டெவன்ட் எழுதினார். 1952இல் வந்த இரட்டையர் ஆய்வில், ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவர் சுருட்டுவதும் மற்றவர் சுருட்ட முடியாமல் இருப்பதும் தெரிந்தது. ஸ்டர்ட்டெவன்ட்டே பிறகு தம் கருத்தை விலக்கிக்கொண்டார். காதுமடலும் ஒற்றை மரபணுவுக்குக் கட்டுப்பட்டதல்ல. அந்த அட்டவணைகள் மட்டும் அப்படியே தொடர்கின்றன.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. என் வகுப்பில் ஆயாவிடம் வளர்கிற பிள்ளைகள் உண்டு, அப்பாவைப் பார்த்தே இராத பிள்ளைகளும் உண்டு. தத்தெடுக்கப்பட்டது வீட்டுக்கு மட்டும் தெரிந்து பிள்ளைக்குத் தெரியாமலும் இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் ‘உன் காது யார் காது?’ என்று கேட்டு எழுதி வரச் சொல்ல ஆசிரியருக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆகவே, யார் வீட்டையும் சேராத ஓர் உயிர் வேண்டியிருந்தது.

யாளி

மார்ஷ்மெல்லோவில் கற்பனை உயிரிகளைச் செய்து மரபியல் கற்பிக்கும் முறை அமெரிக்கப் பள்ளிகளில் 1990களிலிருந்தே உண்டு. கணினித் திரையில் டிராகன்களைக் கலந்து குட்டி பெறச் செய்யும் மென்பொருள்களும் வந்தன. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. இங்கே மாட்டிறைச்சி தொடாத வீடுகள் பல, புரட்டாசியிலும் காவடிக்கு விரதம் இருக்கும்போதும் எந்தப் புலாலும் தொடாதவை அதைவிட அதிகம். கோயில் கூடத்துக்குள் அதைக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. டிராகனும் வேண்டாம் என்று தோன்றியது, ஏனென்றால் நமக்கே ஒன்று இருக்கிறது.

சிங்க உடல், யானைத் துதிக்கை, சில இடங்களில் கொம்பு என்று மதுரையிலும் திருவரங்கத்திலும் தூண்களில் பாய்ந்து நிற்கும் யாளியின் படங்களைக் காட்டினேன். வகுப்பில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யாளி யாரும் கும்பிடுகிற சாமி அல்ல, சிற்பி கைக்கு வந்த விலங்கு என்பதால் எந்த வீட்டிலிருந்தும் தடை வரவில்லை. ‘சாமி தூணில் இருக்கிறதை வைத்து விளையாட்டா?’ என்று கேட்ட ஒரு பாட்டனாரை மட்டும் உட்காரவைத்து ஒரு குட்டி செய்யச் சொன்னோம். அவர் செய்த யாளிதான் வகுப்பிலேயே அழகானது.

உடல் மைதா மாவு, உப்பு, தண்ணீர் சேர்த்துப் பிசைந்தது. நிறத்துக்குப் பீட்ரூட் சாறு, கண்ணுக்குக் கிராம்பு அல்லது பச்சைப் பட்டாணி, கொம்புக்கு லவங்கப்பட்டைத் துண்டு. சுருள் வாலுக்குச் சுற்றிய கம்பி, நேர் வாலுக்கு ஈர்க்குச்சி. எல்லாம் அவரவர் சமையற்கட்டிலிருந்து வந்தவை.

நெடில் ஓங்கும், குறில் ஒடுங்கும்

ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல் என்பார்கள். ஒன்று இருந்தாலே வெளித்தெரிவது ஓங்கு, இரண்டும் அதுவாகவே இருந்தால்தான் தெரிவது ஒடுங்கு. ஆங்கிலத்தில் ஓங்கு அல்லீலைப் பெரிய எழுத்திலும் ஒடுங்கு அல்லீலைச் சிறிய எழுத்திலும் குறிப்பார்கள். தமிழ் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. ஆனால் குறில் நெடில் இருக்கிறது. ஆ–அ, ஈ–இ, ஊ–உ, ஏ–எ, ஓ–ஒ என்று ஐந்து சோடிகள், ஐந்து பண்புகள். நெடில் ஓங்கு, குறில் ஒடுங்கு. ஆங்கிலம் பழகிய நாக்குக்குக் குறில் நெடில் வேறுபாடு எவ்வளவு கடினம் என்பது தமிழ் வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும். ‘என் குட்டிக்கு ஊ உ’, ‘என்னுடையது உ உ’ என்று ஒருவருக்கொருவர் கத்திச் சொல்ல வேண்டிய நிலை வந்ததும், வருடக்கணக்கில் வராத உச்சரிப்பு தானே வந்தது. ஒ–ஓ, எ–ஏ ஆகியவற்றில் கையெழுத்துக் குழப்பம் உண்டு. நெடில் எழுத்தைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னதில் அது தீர்ந்தது.

பண்புகளைத் தேர்ந்ததில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. ‘ஓங்கு’ என்றதும் பிள்ளைகள் பெரியது, வலியது, நல்லது, அதிகம் காணப்படுவது என்றெல்லாம் எடுத்துக்கொள்வார்கள். அதை விளக்கிப் பேசித் திருத்துவதைவிட, அப்படி எடுத்துக்கொள்ளவே முடியாதபடி விலங்கை அமைத்துவிடலாம். ஆகவே யாளியில் குட்டைத் துதிக்கை ஓங்கு (ஈ), நீளத் துதிக்கை ஒடுங்கு (இ). கொம்பில்லாமை ஓங்கு (ஊ), கொம்பு ஒடுங்கு (உ). இது வெறும் கற்பனையும் அல்ல. மாடுகளில் கொம்பில்லாமைதான் ஓங்கு பண்பு. கொம்பில்லாத காளையோடு சேர்ந்த கொம்புள்ள பசுவுக்குக் கொம்பில்லாத கன்று பிறப்பது பண்ணைக்காரர்களுக்குப் பழக்கப்பட்ட செய்தி. சுருள் வால் (ஆ), கிராம்புக் கண் (ஓ) இரண்டும் வழக்கமான ஓங்கு பண்புகள். நிறத்துக்கு மட்டும் முழுமையற்ற ஓங்குத்தன்மை: ஏஏ கருஞ்சிவப்பு, எஎ வெள்ளை, ஏஎ இளஞ்சிவப்பு.

ஒவ்வொரு பெரிய யாளிக்கும் ஐந்து சோடிக் காகிதப் பட்டைகள். அவை மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள். தாயுடையவை மஞ்சள், தகப்பனுடையவை நீலம். எழுத்துள்ள பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். தாயிடமிருந்து ஐந்து, தகப்பனிடமிருந்து ஐந்து. சேர்த்துவைத்தால் ஒரு குட்டி. சோடிகள் பிரிந்து ஒவ்வொன்றிலும் பாதி மட்டும் போகும் குன்றல் பகுப்பு என்ற பெயரைச் சொல்வதற்கு முன்பே அதைக் கையால் செய்துவிட்டார்கள். பெயர் பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது.

குட்டிகள்

தொடக்கப் பெற்றோர் இருவரும் ஐந்து பண்புகளிலும் கலப்பினம். அதாவது ஆஅ, ஈஇ, ஊஉ, ஏஎ, ஓஒ. பார்வைக்கு இரண்டும் அச்சு ஒன்றுபோல: சுருள் வால், குட்டைத் துதிக்கை, கொம்பில்லை, இளஞ்சிவப்பு, கிராம்புக் கண். ‘குட்டிகளும் இப்படியேதானே இருக்கும்?’ என்று கேட்டபோது மேசைக்கு மேசை ஆமாம் என்றார்கள்.

ஜன்னலோரத்து மேசையில் ஓர் அண்ணனும் தங்கையும் சேர்ந்து எடுத்த முதல் குட்டியில் உஉ, இஇ, எஎ வந்தன. கொம்பு, நீளத் துதிக்கை, வெள்ளை உடல். அண்ணன் பட்டைகளைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தான். ‘டீச்சர், இது வேற யாரோட குட்டியோ’ என்றான். தங்கை பட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ‘மஞ்சள்ல ஒரு உ, நீலத்துல ஒரு உ. ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சுல்ல’ என்று விரலால் தொட்டுக் காட்டினாள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

ஒடுங்கு அல்லீல் மறைந்திருப்பது ஏன் என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது. பதிலுக்கு மெண்டலின் பட்டாணியிடம் போனோம். சுருங்கிய பட்டாணியில் இருப்பது, மாவுச்சத்தைக் கிளைக்கவைக்கும் ஒரு நொதியின் கெட்டுப்போன மரபணு. அதன் நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்துகொண்டிருப்பதை 1990இல் கண்டுபிடித்தார்கள். ஒரு படி (நகல்) கெட்டுப்போனாலும் மற்றொரு படி போதுமான நொதியைத் தருவதால் விதை உருண்டையாகவே இருக்கிறது. இரண்டும் கெட்டால்தான் சுருக்கம். இதைக் கேட்ட பிறகு ‘ஓங்கு என்றால் பலசாலி’ என்ற பேச்சு குறைந்தது. ஒரு படி வேலை செய்தால் போதுமா, இரண்டும் வேண்டுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். நிறத்தில் ஏன் பாதி நிறம் வந்தது என்பதையும் அவர்களே சொன்னார்கள்: சாயம் பாதிதான் உற்பத்தியாகிறது.

அடுத்த சிக்கல் நிகழ்தகவு. கொம்பில்லாத மூன்று குட்டிகள் எடுத்த குழு, நான்காவது கட்டாயம் கொம்போடு வரும் என்று லவங்கப்பட்டையைத் தயாராக உடைத்துவைத்திருந்தது. நான்காவதும் கொம்பில்லாமல் வந்தது. கொம்பில்லாதவை மூன்றுக்குக் கொம்புள்ளது ஒன்று என்ற விகிதத்தைக் குறள்போல ஒப்பிக்கப் பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. எடுத்த பட்டை ஒவ்வொரு தடவையும் திரும்பச் சோடியில் சேர்கிறது, முன்பிறந்த குட்டி எது என்று பட்டைக்குத் தெரியாது என்பதைக் கணக்காகவே போட்டோம். நான்கு குட்டிகளில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு இல்லாமல் போக வாய்ப்பு 256இல் 81, ஏறத்தாழ மூன்றில் ஒன்று. சரியாக ஒன்றுக்கு மட்டும் கொம்பு வர வாய்ப்பு 256இல் 108. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களில் ‘மூன்றுக்கு ஒன்று’ அமையவே அமையாது. பிறகுதான் மெண்டலின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதினேன்: உருண்டை 5,474, சுருங்கியது 1,850. ஏன் ஒரு மனிதர் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பட்டாணிகளை உட்கார்ந்து எண்ணினார் என்பது அன்றைக்கு அவர்களுக்கு விளங்கியது. எல்லா மேசைக் குட்டிகளையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுவோம் என்ற யோசனையும் அவர்களுடையதே.

ஐந்து சோடியில் ஒரு யாளி 32 விதமான இனச்செல்களை (விந்து அல்லது முட்டை) தர முடியும், இருவர் சேர்ந்தால் 1,024 சேர்க்கைகள். மனிதருக்கு 23 சோடி. ஒருவரிடமிருந்தே 83,88,608 விதங்கள். இருவர் சேர்ந்தால் 70 இலட்சம் கோடி. அண்ணனும் தங்கையும் ஏன் வேறுவேறாக இருக்கிறார்கள் என்று இதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

காதுகுத்தும் கப்பல் பதிவேடும்

ஒரு குட்டியின் ஈர்க்கு வால் முறிந்துபோனது. ‘இதோட குட்டிக்கும் முறிஞ்ச வால்தானா?’ என்று ஒருவன் கேட்டான். ஈட்டிய பண்புகள், அதாவது பிறந்த பிறகு உடலில் ஏற்படும் மாற்றங்கள், பற்றி நான் தனியாக ஒதுக்கியிருந்த பாடம் அங்கேயே நடந்துவிட்டது. 1880களில் ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் தலைமுறை தலைமுறையாகச் சுண்டெலிகளின் வாலை வெட்டிப் பார்த்த கதையைச் சொன்னேன். ஒரு பெண் குறுக்கிட்டாள்: ‘டீச்சர், எங்க ஆயாவுக்குக் காது குத்தினாங்க, அம்மாவுக்குக் குத்தினாங்க, எனக்கும் குத்தினாங்க. ஓட்டையோட யாரும் பொறக்கலையே?’ வைஸ்மானுடைய சோதனையைவிடப் பல மடங்கு நீண்ட சோதனையை நம் வீடுகள் நடத்தி முடித்துவிட்டன. இதற்கு மேல் சான்று எதற்கு?

இந்த நாட்டுத் தமிழ்க் குடும்பங்களிடம் இன்னொரு சான்றும் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பதிந்த ஏடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் இவற்றோடு உடல் அடையாளங்களுக்கும் ஓர் இடம் உண்டு. தழும்பு, மச்சம், பச்சை. சில வீடுகளில் முன்னோரின் பதிவை நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த அடையாளங்களில் எவை பேரப்பிள்ளைகளுக்கு வந்திருக்கக்கூடும், எவை வரவே வராது என்று பிரிப்பதை, யார் பெயரும் சொல்லாமல் ஒரு பயிற்சியாகச் செய்தோம். தழும்பும் பச்சையும் ஒரு பக்கம் போயின. மச்சத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது, பிரியட்டும் என்று விட்டேன். மச்சம் அதிகம் வரும் இயல்பில் மரபணுவுக்குப் பங்குண்டு, வெயிலுக்கும் பங்குண்டு.

வெயில் தன் பாடத்தைத் தானே நடத்தியது. ஜன்னலில் காயவைத்த கருஞ்சிவப்பு யாளிகள் மறுவாரம் பழுப்பேறிக் கிடந்தன. பீட்ரூட் சாயம் வெளிச்சத்தில் நிற்காது. ‘மரபணு மாறிப்போச்சா?’ என்ற கேள்விக்குப் பட்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏஏ அப்படியே இருந்தது. மரபணு ஒன்று, தோற்றம் வேறொன்று, இடையில் சூழல் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பலகையில் மூன்று கட்டம் போட்டு எழுதினான்.

ஆறாவது சோடி

பருவத்தின் நடுவில் ஆறாவது சோடி ஒன்றைக் கொடுத்தேன். தாய் யாளியிடம் இரண்டு பட்டைகளும் ஒரே நீளம். தகப்பன் யாளியிடம் ஒன்று நீளம், ஒன்று குட்டை. தாய் எதை எடுத்தாலும் நீளம்தான் வரும். குட்டி ஆணா பெண்ணா என்பது தகப்பன் பக்கத்துப் பட்டையில்தான் இருக்கிறது. தகப்பனும் அதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்கிறது.

இதைப் பாடத்திட்டம் கேட்பதால் வைக்கவில்லை. பெண்ணாகப் பெற்றதற்காகத் திட்டு வாங்கிய பெண்கள் இல்லாத தமிழ்க் குடும்பம் எது? வகுப்பு முடியும்போது பேத்தியை அழைத்துப்போக வந்த ஓர் ஆயா, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேத்தி பட்டைகளைக் கொண்டுபோய் அவர் மடியில் பரப்பி, ‘நீங்க எடுங்க ஆயா’ என்றாள். அவர் மஞ்சளை மூன்று தடவை எடுத்தார், மூன்றும் நீளம். ‘எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?’ ‘ஆமா ஆயா. குட்டைப் பட்டை அந்தப் பக்கம்தான் இருக்கு.’ ‘எங்க மாமியா உசுரோட இருக்கையில இதை யாராவது சொல்லியிருந்தா ஆகாதா’ என்றார். நாலு பெண் பெற்றவர் அவர்.

உறவுத் திருமணம் பற்றியும் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. மாமன் மகள், அத்தை மகன் முறை இங்கும் முந்தைய தலைமுறைகளில் சகஜம். யார் வீட்டையும் தொடாமல், யாளிப் பேரக்குட்டிகள் இரண்டைச் சேர்த்தோம். தாத்தா யாளியிடம் மட்டும் இருந்த ஓர் அரிய குறிலைப் பச்சை வட்டமிட்டு, அது இரு வழியாகவும் இறங்கி வந்து ஒரே குட்டியில் சந்திப்பதைப் பின்தொடர்ந்தோம். குறிப்பிட்ட ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்து சேர வாய்ப்பு, முதல் நிலை மாமன்–அத்தை மக்களின் பிள்ளையில் 16இல் ஒன்று. தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்து பெற்ற பிள்ளையில் 8இல் ஒன்று. அந்த எண்களோடு நிறுத்தினேன். தீர்ப்புச் சொல்லவில்லை.

யாளி போதாமல் போன இடம்

இங்கேதான் என் முக்கியமான வாதம். கற்பனை விலங்கு நல்ல ஏணி. ஆனால் அதை விட்டு இறங்காமல் பருவத்தை முடித்தால், ‘ஒரு பண்புக்கு ஒரு மரபணு’ என்ற பொய்யோடு பிள்ளை வீட்டுக்குப் போகும். எந்த நாட்டிலும் அது மோசம், இந்த நாட்டில் ஆபத்து. யாளியின் விதிகளை நாம்தான் எழுதினோம் என்பதால், நாமே அவற்றை மீறவும் முடியும். மெய்யான விலங்கில் அந்த வசதி கிடையாது.

ஆகவே கடைசி வாரங்களில் புது யாளி இனம் ஒன்று வந்தது. நிறத்துக்கு மூன்று மரபணுச் சோடிகள். எந்தச் சோடியில் வந்தாலும் ஒவ்வொரு நெடிலுக்கும் ஒரு சொட்டுப் பீட்ரூட் சாறு. எதுவும் எதையும் மறைக்காது. மூன்றிலும் கலப்பினமான இரண்டு நடுநிறப் பெற்றோருக்கு, சொட்டே இல்லாத வெள்ளையிலிருந்து ஆறு சொட்டுக் கருஞ்சிவப்புவரை ஏழு நிறங்களில் குட்டிகள் வரலாம். எதிர்பார்க்கும் விகிதம் 64க்கு 1, 6, 15, 20, 15, 6, 1. நிறவாரியாகக் குட்டிகளை அடுக்கியபோது மேசை நடுவில் ஒரு குன்று எழுந்தது. ‘எங்கே கோடு போடுவது? எது சிவப்பு, எது வெள்ளை?’ என்று கேட்டேன். ஒரு குழு மூன்றாவதற்குப் பின்னால் போட்டது, இன்னொரு குழு நான்காவதற்குப் பின்னால். வாக்குவாதம் முற்றியபோது ஒரு பெண் சொன்னாள்: ‘எங்க போட்டாலும் பக்கத்துல இருக்கிறது கிட்டத்தட்ட அதே நிறம்தானே.’

அந்தக் கோட்டைச் சட்டமாகவே போட்ட நாடு இது. 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனப்பிரிவில் எழுதியது. சந்தேகம் வந்தால் முடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்தார்கள். இனவாரியாக வசிப்பிடம் பிரித்த, அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம்தான் 1960களில் இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களைப் பிற இடங்களிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தது. சாண்ட்ரா லைங் 1955இல் பிறந்தார். பெற்றோர் இருவரும் வெள்ளையர் என்று பதிவானவர்கள். மகளின் நிறமும் முடியும் அப்படி இல்லை. 1966இல் பள்ளியிலிருந்து வெளியேற்றி அவரை வேறு இனமாக மாற்றி எழுதினார்கள். பெற்றோர் வழக்காடினார்கள், சட்டம் திருத்தப்பட்டு மறுபடி வெள்ளையர் ஆனார். உடலில் ஓர் அணுவும் மாறவில்லை, தாள்தான் மாறியது. பதிவுச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது.

இதைச் சொல்லி முடித்ததும், நடுநிறப் பெற்றோருக்குக் கருஞ்சிவப்புக் குட்டி பிறந்த மேசையைப் பிள்ளைகளே திரும்பிப் பார்த்தார்கள். மனிதத் தோல் நிறத்தில் பங்குள்ள மரபணுக்கள் மூன்றல்ல, மிகப் பல என்பதைச் சொன்னேன். அவற்றில் ஒன்றான எஸ்எல்சி24ஏ5 முதலில் ஒரு சிறு மீனில் கண்டறியப்பட்டு 2005இல் வெளிவந்தது. அதன் இருவகை அல்லீல்களும் தென்னிந்தியரிடையே கலந்து காணப்படுகின்றன. ஒரே வீட்டில் அக்கா ஒரு நிறம், தம்பி ஒரு நிறம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறத்தைப் பற்றிப் பேசியதால் வெண்தோல் நிலை (அல்பினிசம், பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி மிகக் குறைவாக இருப்பது) பற்றியும் பேச வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களிடையே ஏறத்தாழ 3,900 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக 1982இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அது ஒடுங்கு பண்பு. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 32 பேரில் ஒருவர் அந்த அல்லீலை வெளித்தெரியாமல் சுமக்கிறார். அது சாபமோ தொற்றோ இல்லை, தொப்பியும் சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் தேவைப்படும் ஓர் உடல்நிலை. பள்ளியில் அப்படி ஒரு பையனுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்ததாக இரண்டு பேர் தாமாகவே சொன்னார்கள். இனி அப்படிக் கூப்பிடக் கூடாது என்று அப்போதே கண்டிப்பாகச் சொன்னேன்.

என்ன தங்கியது

மதிப்பெண் தேர்வு வைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன்: கொம்பில்லாத இரண்டு யாளிகளுக்குக் கொம்புள்ள குட்டி பிறந்திருக்கிறது. தகப்பன் யாளி சந்தேகப்படுகிறது. நீ என்ன சொல்வாய்? தமிழில் எழுத வேண்டும், எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன்.

பெரும்பாலானவர்கள் பட்டைகளை வரைந்து விளக்கினார்கள். ஒரு தாளில் இப்படி இருந்தது: ‘அப்பாகிட்ட ஒரு உ இருக்கு. அம்மாகிட்ட ஒரு உ இருக்கு. ரெண்டு பேரும் ஒளிச்சு வைக்கலை. அவங்களுக்கே தெரியாது.’ இன்னொரு பையன் தகப்பன் யாளிக்கே கடிதம் எழுதி, புன்னட் கட்டத்தையும் போட்டு, கடைசியில் ‘நாலுல ஒண்ணு, ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா’ என்று எழுதியிருந்தான். மூன்றுக்கு ஒன்று என்று மட்டும் எழுதி நிறுத்திய தாள்களும் வந்தன. ஒப்பிக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

உறுதியாகத் தங்காதது ஒன்று உண்டு: ஓங்கு பண்பு என்றால் ஊரில் அதுதான் அதிகம் இருக்கும் என்ற எண்ணம். எங்கள் யாளிக் கூட்டத்தில் கொம்பில்லாதவை உண்மையிலேயே அதிகம், ஆகவே பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. ஆறாவது விரலோடு பிறப்பது பெரும்பாலும் ஓங்கு முறையில் இறங்கும் பண்பு, ஆனாலும் எத்தனை பேருக்கு ஆறு விரல் என்று கேட்டபோது யோசித்தார்கள். அடுத்த வாரம் பழையபடியே எழுதினார்கள். உதாரணம் சொன்னால் போதாது, கையால் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த பருவத்துக்கு ஒரு துணிப்பையில் 90 உ பட்டைகளும் 10 ஊ பட்டைகளும் போட்டுக் கலந்து வைத்திருக்கிறேன். இரண்டிரண்டாக எடுத்துக் குட்டி செய்தால், எடுத்ததைத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால், ஓங்கு பண்பான கொம்பில்லாமை நூற்றுக்குச் சுமார் 19 குட்டிகளில்தான் தெரியும். மீதியெல்லாம் கொம்போடு நிற்கும். லவங்கப்பட்டை நிறைய வாங்க வேண்டியிருக்கும்.